கெங்கம்மா சுட்ட தலைகள்

மகிழினி என்ன வேலை பார்க்கிறாள் என்று புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லமாட்டார். தரைத்தளத்தில் பல் டாக்டர் என்பார்கள். முதல் மாடியில் ஸ்கேன் எடுக்கிறவள். மேல் மாடியில் ஒருவர், அவள் போலீசுக்கு மண்டை ஓடு பார்த்துச் சொல்கிறவள் என்று சத்தியமே பண்ணுவார். விஷயம் இவ்வளவுதான்: குழந்தை முகம் பெரியவர் முகமாக எப்படி நீளுகிறது, எந்த எலும்பு எந்த இடத்தில் எவ்வளவு வளர்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறவள் அவள். இதை அவளும் பொறுமையாகப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். "அதான், பல் டாக்டரு" என்று முடித்துவிடுகிறார்கள். மனுஷி என்னதான் செய்வாள்?

அவளுடைய அம்மா கெங்கம்மாவின் வேலையில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. ஆட்டுத்தலை சுட்டு விற்கிறவள். விடிந்ததும் ஆடு அறுக்கும் தொட்டியிலிருந்து தலைகளை வாங்கிவந்து, கரி அடுப்பில் துருத்தி போட்டு, ரோமம் பொசுங்கப் பொசுங்கத் திருப்பித் திருப்பி வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவித் தள்ளுவண்டியில் அடுக்குவாள். இந்தத் தொழிலை அந்தப் பேட்டையில் இன்னும் நாலு பேர் செய்கிறார்கள். அவர்கள் எல்லாம் வெளியே வாட்டுவதோடு சரி. கெங்கம்மா விடமாட்டாள். ஒரு கம்பியைச் சிவக்கக் காய்ச்சி மூக்குத் துளைக்குள் ஆழமாக விட்டு, உள்ளே இருக்கும் ரோமத்தையும் சளியையும் கருக்கி எடுப்பாள். "மூக்கு கலீஜா கீதுன்னா அது இன்னா தலை?" என்பது அவள் கட்சி. தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து அவளிடம் தலை வாங்குகிறவர்கள் உண்டு. சும்மா வருவார்களா?

அப்பா துரை துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் குடோனில் மூட்டை இறக்குகிறவர். வீட்டில் பேசுகிற பங்கை எல்லாம் மனைவிக்கு எழுதிக்கொடுத்துவிட்ட மனிதர். ஒரே பெண். அந்தப் பெண் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள், குட்டித் தலை மட்டும் ஏன் உருண்டையாக இருக்கிறது, கிடாத் தலை ஏன் நீளமாக இருக்கிறது என்று.

"வளந்தா நீளும். இதுகூட தெரியாம இன்னாடி இஸ்கூலுக்குப் போற?" என்றாள் கெங்கம்மா.

பதில் சரிதான். ஆனால் மகிழினிக்கு அது போதவில்லை. மண்டை அதே அளவுதான் இருக்கிறது, மூஞ்சி மட்டும் முன்னால் போகிறதே, நீளத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? முன்னால் ஒட்டுகிறதா, பின்னாலிருந்து தள்ளுகிறதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அப்போதே விஞ்ஞானி ஆகிவிட்டாள் என்று நான் கதை விடமாட்டேன். பள்ளிக்கூடம் முடித்தாள். ராயபுரத்தில் விலங்கியல் படித்தாள். இடம் கிடைத்தது, மேல்படிப்பும் படித்தாள். திருவொற்றியூர் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஆள் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வில் பேராசிரியை ஜெயஸ்ரீ, மேல்தாடை எலும்பைக் காட்டச் சொல்லி ஓர் ஆட்டு மண்டை ஓட்டை நீட்டினார். மற்றவர்கள் கைக்குட்டையால் பிடித்து வாங்கினார்கள். இவள் கொம்பைப் பிடித்துத் தூக்கி, தாடையைப் பிளந்து, "இது ஒரு வயசுகூட ஆகாத குட்டி மேடம்" என்றாள். வேலை கிடைத்தது, அவரிடமே டாக்டர் பட்ட ஆய்வுக்கும் பதிந்துகொண்டாள்.

ஜெயஸ்ரீ கையில் எடுத்திருந்ததும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். மூக்கின் இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு தண்டு இருக்கிறதல்லவா, குருத்தெலும்பு? அது வளர்ந்து முன்னால் தள்ளுவதால்தான் முகம் நீளுகிறது என்று ஒரு கட்சி. இல்லை, முகத்து எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் தையல்களில் தாமாகவே புது எலும்பு ஊறுகிறது, தண்டு சும்மா கூடப் போகிறது என்று இன்னொரு கட்சி. வேலையற்றவர்களின் சண்டை என்று நினைக்கவேண்டாம். பிளந்த உதடும் பிளந்த அண்ணமுமாகப் பிறக்கும் குழந்தைக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர், எந்த இடத்தில் கத்தி பட்டால் முகம் பிறகு வளராமல் குழிந்து நின்றுவிடும் என்று தெரிந்துதான் கை வைக்கவேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

மகிழினி செய்த சோதனை இது. மீஞ்சூர் பக்கம் ஒரு பண்ணையில், முறைப்படி அனுமதி வாங்கி, பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகளை வளர்த்தாள். மாதம் ஒரு முறை ஒரு சாய ஊசி. அந்த மாதம் எங்கே புது எலும்பு படிகிறதோ அங்கே சாயமும் சேர்ந்து படியும். அடுத்த மாதம் வேறு நிறம். கடைசியில் தலையை எடுத்து, எலும்பை மெல்லிசாக அறுத்து, ஒரு தனி விளக்குக்குக் கீழே வைத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடு கோடாக மினுங்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்த மாத வளர்ச்சி. குட்டிகளுக்கு அவள்தான் ஊசி போட்டாள், அவள்தான் பெயரும் வைத்தாள், கடைசி நாளில் வெளியே போய் நின்று அழுததும் அவள்தான். தலைகள் காதில் எண்ணோடு ஆய்வகத்தின் உறைபெட்டிக்குள் போயின.

போன சூட்டோடு மிக்ஜாம் புயல் வந்தது.

கல்லூரியில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் அறையில் இடுப்பளவு தண்ணீர். ஜெயஸ்ரீ தன் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டு, போனில் "எப்படியாவது ஐஸ்ல வைம்மா, எப்படியாவது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மகிழினி பன்னிரண்டு தலைகளையும் மீன் பெட்டி இரண்டில் ஐஸோடு அடுக்கி, கிடைத்த வண்டியில் கொஞ்சம், தண்ணீரில் நடந்து கொஞ்சம் என்று புளியந்தோப்புக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அம்மாவுக்குக் காசிமேட்டு மீன்துறை ஐஸ்காரர்களைத் தெரியும் என்ற ஒரே தைரியம். பெட்டியை இறக்கினாள். கல்லூரிக் கீழ்த்தளத்தில் இருக்கிற கருவிகளையாவது காப்பாற்றவேண்டுமென்று அப்படியே திரும்பினாள்.

"எம்மா, இது என் உசுரு. கெட்டுப் போவக் கூடாது. உஷாரா பாத்துக்கோ."

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றாள் கெங்கம்மா.

இதில் யாரைக் குற்றம் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். தலைக்கறிக்காரியிடம் தலையைக் கொடுத்து, கெட்டுப் போகக்கூடாது என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்?

மகிழினி சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டாள். படி ஏறும்போதே வாசனை வந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாசனைதான். ஆனால் அன்றைக்கு அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மேலே வராந்தாவில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பன்னிரண்டு தலைகளும் வரிசையாக, மஞ்சள் பூசி, பளபளவென்று உட்கார்ந்திருந்தன. காதில் எண் அட்டை கருகிவிடுமே என்று ஒவ்வொன்றையும் கழற்றி வைத்துக்கொண்டு, வாட்டி முடித்தபின் அந்தந்தக் காதிலேயே திரும்ப மாட்டியிருந்தாள் மகராசி.

"ஐஸு கரைஞ்சி தண்ணியா பூட்ச்சு கண்ணு. காசிமேட்டுல ஒரு கட்டிகூட இல்லன்ட்டானுங்க. அப்டியே வுட்டா நாறிடும். கரி வேற நனைஞ்சி கெடந்திச்சி, பக்கத்து வூட்ல கெஞ்சி கேஸு அடுப்ப வாங்கி, மத்யானத்துலேர்ந்து குந்திகினு எல்லாத்தையும் வாட்டிட்டேன். மூக்கப் பாரு. உள்ள வரைக்கும் கம்பி வுட்டு க்ளீன் பண்ணிகீறேன். படிச்சவங்க பாக்கறது, கலீஜா இருக்கக் கூடாதில்ல?"

கெங்கம்மாவின் கட்டைவிரலில் கம்பி சுட்ட கொப்புளம். முகமெல்லாம் கரி. சிரித்துக்கொண்டு நின்றாள்.

மூக்குத்தண்டு வெந்துபோயிருக்கும் என்று மகிழினிக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எந்த இடத்துக்காக ஒரு வருஷம் ஊசி போட்டாளோ, சரியாக அந்த இடத்தில்தான் அம்மா கம்பியை விட்டிருந்தாள். வேறு எவளாவது சுட்டிருந்தால்கூடத் தண்டு பிழைத்திருக்கும்.

"சோக்கா கீதாடி?"

"சோக்கா கீதும்மா" என்றாள் மகிழினி.

அந்த நிமிஷத்தில் வேறு என்ன சொல்லியிருக்கமுடியும் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. அம்மா மனசு உடைந்துபோகும் என்று பயந்தாள். அவ்வளவுதான் காரணம். அம்மாவின் மேல் அவளுக்கு அத்தனை பிரியம்.

ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தார்கள். விளக்குக்குக் கீழே பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. பழுப்பாக, வறுத்த கடலைத் தோல் நிறத்தில் ஒரு பூச்சு. ஜெயஸ்ரீ திட்டவில்லை. மறுபடி அனுமதி, மறுபடி பன்னிரண்டு குட்டிகள், மறுபடி மீஞ்சூர். மகிழினியின் படிப்பு பின்னுக்குப் போயிற்று. கூடச் சேர்ந்தவர்கள் டாக்டர் பட்டம் வாங்கி ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். இவள் மட்டும் ஊசியும் கையுமாக ரயிலில் போய்வந்துகொண்டிருந்தாள்.

இங்கே புளியந்தோப்பில் கதையே வேறு. "எம் பொண்ணு பெரிய ஆராய்ச்சி பண்றாளே, அதுக்குத் தலை சுட்டுக் குடுத்தது யாருன்னு நெனச்ச? மழையில குந்திகினு நாந்தான்" என்று கெங்கம்மா வண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ரேஷன் கடையில் சொன்னாள். கல்யாண வீட்டில் சொன்னாள். வழக்கமாகப் போகும் புத்த விகாரையில் பௌர்ணமிக் கூட்டத்துக்குப் போன இடத்தில்கூடச் சொன்னாளாம். மகிழினி பக்கத்தில் நின்றால் அவளைச் சாட்சிக்கு இழுப்பாள். அவளும் ஆமாம் போடுவாள். ஒவ்வொரு ஆமாமும் நெஞ்சில் போய் நிற்கும்.

இரண்டாவது தொகுதி முடியும் தறுவாயில் கெங்கம்மா கேட்டாள், "இன்னாடி, இன்னும் தலைங்க வரல? சுட வாணாமா?"

"இந்த வாட்டி அங்கயே மிஷின் வச்சி சுடறாங்கம்மா."

"மிஷினா? மூக்குக்குள்ள போவுமா அது?"

"போவும்."

கெங்கம்மா கத்தியைத் தீட்டினாள். அன்று முழுக்க வண்டிக்கு வந்தவர்களிடம் வள்ளென்று விழுந்தாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று சொல்லி, அம்மாவை வேறு வகையில் நோகடித்தாயிற்று. மகிழினிக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆய்வேடு எழுதும்போது ஜெயஸ்ரீ ஒரு வழி சொன்னார். "முதல் தொகுதி மின்தடையால் கெட்டதுன்னு எழுதிடு. முழுப் பொய்யும் இல்ல. ஒருத்தரும் கேக்கமாட்டாங்க." மகிழினி ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு யாராவது இதே சோதனையைச் செய்தால், சூடு பட்ட எலும்பில் சாயம் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும் என்றாள். தீயில் வாட்டியதால் கெட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தில் உண்மை, வீட்டில் பொய். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருக்கும் என்று நம்பினாள், பைத்தியம்.

வாய்மொழித் தேர்வுக்கு வீட்டார் வரலாம். கெங்கம்மா வாராத தலையையெல்லாம் வாரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டி, லட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். துரை பக்கத்தில். மகிழினி ஆங்கிலத்தில் படம் காட்டிப் பேசினாள். கோடுகள் பச்சையும் சிவப்புமாகத் திரையில் வந்தபோது கெங்கம்மா கைதட்டிவிட்டு, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் சில சமயம் வம்பே வருகிறது. கடைசியில் அவர் புன்னகையோடு தமிழுக்கு மாறினார்.

"முதல்ல வளத்த பன்னிரண்டு ஆடும் கணக்குலயே வரலையே, தீயில வாட்டினதுன்னு எழுதியிருக்கே, அது எப்படி? தமிழ்லயே சொல்லும்மா. வீட்லேர்ந்து வந்திருக்காங்க, அவங்களுக்கும் புரியட்டும்."

ஜெயஸ்ரீ மேசையைப் பார்த்தார். மகிழினி அம்மாவைப் பார்த்தாள். கெங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். தன் பேச்சு வரப்போகிறது என்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. கரண்ட் போச்சு சார் என்று சொல்லிவிடலாம். மூன்றே சொல். ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஏடு அவர் கையில் திறந்திருந்தது.

"புயல்ல கரண்ட் போச்சு சார். தலைகள வீட்டுக்குக் கொண்டு போனேன். கெட்டுப் போகாம பாத்துக்கணும்னு சொன்னேன், என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லல. வீட்ல தீயில வாட்டிட்டாங்க. மூக்குக்குள்ள சூட்டுக் கம்பி போனதால தண்டு வெந்துபோச்சு. பன்னிரண்டுல ஒண்ணுகூடத் தேறல. தப்பு என்னுது."

"சரி" என்று தேர்வாளர் குறித்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு தகவல். பட்டம் உறுதியாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். கெங்கம்மா எழுந்து ஒவ்வொருவருக்கும் லட்டு கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். மகிழினிக்கும் ஒன்று கொடுத்தாள். அவள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். தண்டையார்பேட்டை தாண்டியதும் கெங்கம்மா கேட்டாள்.

"அப்ப, நான் சுட்ட தலைங்கள இன்னா பண்ண?"

"எரிச்சிட்டோம்மா. ஆஸ்பத்திரிக் கழிவோட."

"மறுபடியும் பன்னெண்டு ஆட்ட வெட்டின, அதுக்காவ?"

"ஆமா."

"என்னாண்ட சொன்னா இன்னாடி? அழுதுடுவேன்னா?"

"ஆமாம்மா."

"அழுதிருப்பேன்தான். ஒரு நாளு அழுதுட்டு மறுநாளு யாவாரத்துக்குப் போயிருப்பேன். அத்தோட பூட்டிருக்கும். ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே, நீ பக்கத்துல நின்னுகினு ஆமா போட்டியே, அதுக்கு இன்னா பண்ணட்டும் நான்?"

மகிழினி அழுதாள். துரை ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். அவ்வளவு தூரம் அவர் பேசியதே பெரிது.

அதற்குப் பிறகு கெங்கம்மா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வண்டி தள்ளினாள், தலை சுட்டாள், மூக்கில் கம்பி விட்டாள். மகிழினி அதே கல்லூரியில் விஞ்ஞானியாக வேலையில் சேர்ந்தாள். குட்டி பிறந்த புதிதில் தண்டு நிறையத் தள்ளுகிறது, போகப்போக அந்த வேலையைத் தையல்கள் எடுத்துக்கொள்கின்றன என்று அவள் ஆடுகளில் தெரிந்தது. இரண்டு கட்சிக்கும் பிடிக்காத முடிவு. இப்போது அண்ணம் பிளந்த குழந்தைகள் வருகிறார்கள், தாய்மார்கள் மடியில் வைத்துக் காட்டுகிறார்கள், இவள் அளக்கிறாள். அவர்களிடம் ஒரு வார்த்தை கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.

போன மாதம் கெங்கம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. அடுப்புப் புகை குடித்த நெஞ்சு. மகிழினிக்குள் பயம் புகுந்துகொண்டது. இழுத்துக்கொண்டு போய் நெஞ்சுக்குப் படம் எடுக்க வைத்தாள். டாக்டர் படத்தைப் பார்த்து மகிழினியிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா! நுரையீரலு சுத்தமா கீது. தொண்டைதான் புண்ணாயிருக்குதாம். மருந்து சாப்ட்டா சரியாப் பூடும்."

கெங்கம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்லம்மா. சத்தியமா."

கெங்கம்மா படம் இருந்த உறையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வீடு வந்ததும் தன் வாசலில் நிற்காமல் இன்னும் ஒரு மாடி ஏறினாள். அங்கே சுப்புராஜ் குடியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். மகிழினியும் பின்னாலேயே போனாள். கதவுக்கு முன்னால் கெங்கம்மா திரும்பி, கையை நீட்டித் தடுத்தாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"நீ உள்ள வராத கண்ணு. உன் மூஞ்சப் பாத்தா அவரும் பொய் சொல்லுவாரு."

மகிழினி படியில் நின்றுகொண்டாள். உள்ளே சுப்புராஜ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று சொல்வது அவளுக்குக் கேட்டது. அம்மா அவரிடம் கேட்டதும் கேட்டது.

"நெஜமாவா சார்? இப்டி சொல்லச் சொல்லி எம் பொண்ணு உங்களுக்கு போன் கீன் பண்ணாளா?"